வட்டின் சிவப்புப் பக்கம்

பரனகுவா துறைமுகத்தின் இரண்டாவது எடைமேடையில்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
சோயா ஏற்றிய லாரி வரும், நிற்கும், பெருமூச்சு விடும்.
எழுதுவேன்.
கொட்டிவிட்டு ஆடிக்கொண்டு திரும்பும்.
மறுபடி எழுதுவேன்.
கழித்தால் சரக்கு.

"ஜுசேலியா, நீ எப்போது மேடையேறப் போகிறாய்?"
ஓட்டுநர்கள் கேட்பார்கள்.
நானும் கூடச் சிரிப்பேன். வேறென்ன செய்ய.

ஏப்ரலில் ஏறினேன், குரிச்சிபாவில், காகித அங்கி உடுத்து.
நூற்று முப்பத்தெட்டு.
டாக்டர் லெனிரா மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினாள்:
வாழைப்பழம் போல ஒரு குழாய், அவ்வளவுதான் இனி.
வெட்டியெடுத்த மீதியை என்ன செய்வார்கள் என்று
கேட்க மறந்துவிட்டேன்.
சில இரவுகளில் அதை நினைக்கிறேன்.
எத்தனை கிறிஸ்துமஸ்களைச் சுமந்தது,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

அதுதான் அதன் குறையும்.
நிறைவு என்பது எனக்கு ஒரு வலியின் பெயர்.
விலா எலும்பில் வந்து முட்டும்போதுதான்
சரி, சாப்பிட்டாயிற்று என்று தெரியும்.

பிறகு குப்பி மூடியளவு சூப்.
பிறகு அரை முட்டை, பக்கத்தில் கடிகாரம்,
ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல்.
பசி இல்லை.
பசி இல்லாதது நிறைவாகிவிடுமா?
கடை பூட்டிக் கிடந்தால்
வியாபாரம் நன்றாக நடந்தது என்றா அர்த்தம்?
என் தட்டின் மிச்சத்தை வால்டிர் தின்றான்,
வீணாக்கக் கூடாதாம்.
நான் முப்பத்தொரு கிலோ இறங்கினேன், அவன் ஒன்பது ஏறினான்.
கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நாத்தனார் இவொனெச்சியின் பிறந்தநாள்.
நெடுஞ்சாலை ஓரத்து இறைச்சி விடுதி.
வாள் வாளாகக் கம்பிகளில் மாட்டிறைச்சி ஏந்தி
பரிசாரகர்கள் மேசை மேசையாக வருவார்கள்.
ஒவ்வொரு தட்டின் அருகிலும் ஓர் அட்டை வட்டு,
பச்சை தெரிந்தால் இன்னும் கொண்டு வா,
சிவப்பு தெரிந்தால் வேண்டாம்.
என்னுடையது ஒருநாளும் புரண்டதில்லை.
சிவப்பில் என்ன எழுதியிருக்கும் என்றுகூட
நான் படித்துப் பார்த்ததில்லை.

கட்டைவிரல் நகமளவு மூன்று துண்டு.
ஒரு கரண்டி கறுப்பு பீன்ஸ்,
மேலே வறுத்த மரவள்ளி மாவு, ஒரு சிட்டிகை.
நான்காவது கம்பி நெருங்கும்போது
தும்மினேன்.

"ஆரோக்கியம்!" என்றது மேசை முழுவதும்.
தும்மினால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.
உணவு ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார்:
சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கு ஒழுகும், கவனியுங்கள்.
நான் நம்பவில்லை.
வயிற்றின் கடிதம் மூக்கின் விலாசத்துக்கு வருமா?
வந்தது.
அதன் பின்னே, இடது விலாவுக்குக் கீழே
யாரோ உள்ளங்கையை வைத்தது போல ஒரு சூடு.
வலி இல்லை. வலிக்கு முந்தைய ஊர்.
அங்கே ஒரு நிறுத்தம் இருப்பதே
நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

வட்டைப் புரட்டினேன்.
"நன்றி, திருப்தி" என்று எழுதியிருந்தது,
ஓரத்தில் பழைய எண்ணெய்க் கறை.

அப்புறம் கைக்கு வேலையில்லை.
கைத்துடைப்பானை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன்.
இவொனெச்சியின் கணவன் ஜாசிர்
படகின் எஞ்சின் நின்றுபோன கதையை ஆரம்பித்தான்.
இருபது வருடமாகக் கேட்கும் கதை.
நடுவில் எப்போதும் ஒரு கம்பி வந்துவிடும் எனக்கு.
அன்றைக்கு முடிவு வரை கேட்டேன்.
படகின் பாரம் குறைய
பிடித்த மீனையெல்லாம் கடலிலேயே போட்டுவிட்டார்களாம்.
மீன் வீடு வந்தது என்றே
இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டை தூவிச் சுட்ட அன்னாசி வந்தது.
வாசனை என்னை நன்றாகவே அறிந்திருந்தது.
ஆசை எங்கும் போய்விடவில்லை,
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
பார்க்கட்டும்.

வால்டிரின் வட்டு இன்னும் பச்சையில்.
என் தட்டில் ஒரு துண்டு மிச்சம்.
அவன் கை நீண்டது.
தட்டை நான் நகர்த்தவில்லை.